அரிசிப் பைக்குள் குதிரைக்கால்

உலகத்திலேயே அதிகமாகப் பயப்படத் தெரிந்த மனிதர் குடியிருந்த தெருவில் நானும் குடியிருந்திருக்கிறேன். டெக்சாஸில், சுகர் லேண்டில் எங்கள் தெருமுனை வீடு அவருடையது. புயல் வருகிறது என்று டிவியில் சொல்வதற்கு முந்தின வாரமே அவர் வீட்டு ஜன்னல்களில் பலகை ஏறியிருக்கும். இடி, ஃப்ரீவே, கேஸ் அடுப்பு, ஈரமான பாத்ரூம் தரை, பக்கத்து வீட்டில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் எல்லாவற்றுக்கும் பயப்படுவார். இதெல்லாம் போகிற போக்கில் படுகிற பயம். அவர் உட்கார்ந்து, நிதானமாக, முழு மனசோடு பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது அவருடைய குதிரையின் கால்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் எல்லோரும் லாடம் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம், அவரும் திரும்பிப் பார்த்தார், அதனால் பேரை யாரும் விசாரிக்கவில்லை. ஆயில் கம்பெனியில் சேஃப்டி டிபார்ட்மென்ட்டில் வேலை. அதாவது பயப்படுவதற்கு மாசாமாசம் சம்பளம். கார் டிக்கியில் எப்போதும் ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் வைக்கிற ஆரஞ்சு கலர் டிராஃபிக் கோன்கள் அடுக்கியிருப்பார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக்குக்கு வந்தால் கொதிக்கிற சாம்பார் பாத்திரத்தைச் சுற்றிக் கோன். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றினால் அதைச் சுற்றியும் கோன். ஒரு நவராத்திரிக்கு எங்கள் வீட்டு கொலுப்படிக்கே நாலு கோன் வைத்துவிட்டுப் போனார். வந்தவர்கள் எல்லாம் அது இந்த வருஷத்து தீம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் குதிரை வந்தது விதி என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய பெண் தாரா பன்னிரண்டு வயதில் குதிரை வேண்டும் என்று அழுது, சாப்பிடாமல் இருந்து, அம்மாவைப் பிடித்துக் காரியத்தைச் சாதித்தாள். கறுப்புப் பெண் குதிரை. மிளகு என்று பேர் வைத்தாள். ஊருக்கு வெளியே ஒரு லாயத்தில் கட்டி வைத்தார்கள். பிறகு தாரா வேறு ஸ்டேட்டுக்குக் காலேஜ் போனாள், குதிரை இங்கேயே நின்றது. யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று கேட்டால், "லீவுக்கு வருவா இல்ல, வந்தா கேப்பா" என்பார். தாரா லீவுக்கு வந்தாள். மத்தியானம் வரை தூங்கினாள், சிநேகிதிகளோடு சுற்றினாள், கிளம்பிப் போனாள். அங்கிள் தினமும் விடிந்ததும் லாயத்துக்குப் போய், மிளகின் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, கொக்கி மாதிரி ஒரு கம்பியால் குளம்புக்குள் இருக்கிற மண்ணையும் சாணத்தையும் நோண்டி எடுத்துவிட்டுத்தான் ஆபீஸ் போவார்.

ஒரு பாட்லக்கில் நான் தெரியாத்தனமாக, குதிரை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, நடு விரலின் நுனியை டைனிங் டேபிளில் ஊன்றி, அதன் மேல் மொத்த உடம்பையும் சாய்த்துக் காட்டினார்.

"இங்க பாரும்மா. குதிரை பாதத்துல நிக்கல. நடு விரல் நகத்து மேல நிக்குது. ஆயிரம் பவுண்டு உடம்பு, நாலு நகம். எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

அன்றைக்கு எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. முட்டிக்குக் கீழே குதிரைக்குத் தசையே கிடையாதாம், வெறும் எலும்பும் தசைநாணும்தானாம். அடிக்குளம்பின் நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பாகம் உண்டாம். அதற்கு இங்கிலீஷில் தவளை என்று பேராம். ஈரத்தில் நின்றால் அந்தத் தவளை அழுகி நாறுமாம். குளம்புக்கு உள்ளே இருக்கிற எலும்புக்கு காஃபின் போன் என்று பேராம், சவப்பெட்டி எலும்பு. "பேரு வெக்கும்போதே பயந்துதான் வெச்சிருக்கான்" என்றார். அந்த எலும்பு குளம்பின் சுவரோடு வெல்க்ரோ மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்குகிறதாம். சர்க்கரையோ தானியமோ அளவுக்கு மிஞ்சி வயிற்றுக்குள் போனால், வயிற்றில் வர வேண்டிய கோளாறு காலில் வந்து இறங்கி, அந்த வெல்க்ரோ பிய்ந்துவிடுமாம். பிய்ந்தால் எலும்பு சாய்ந்து அடிக்குளம்பைக் குத்தும். அதற்குப் பிறகு குதிரையைத் தூங்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தூங்க வைப்பது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர் முகத்திலேயே தெரிந்தது.

மனிதர்களின் காலையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் பின்னாலிருந்து பார்த்து, இடது பக்கம் சாய்கிறாய், டாக்டரிடம் காட்டு என்பார். குழந்தைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அவரைக் கண்டால் வரிசையில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்பக்கமாக மடக்கிக் காட்டும். "அங்கிள், check mine." அவரும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு உள்ளங்காலாகப் பார்த்து, ஓகே சொல்லி அனுப்புவார். பெரியவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். என் கணவர் பொத்தாமலேயே சிரிப்பார்.

எனக்குக் குதிரை என்றால் சின்ன வயசிலிருந்தே குலை நடுக்கம். மெரினாவில் ஏறிய குதிரை என்னைச் சுமந்துகொண்டு நேராகக் கடலைப் பார்த்து ஓட, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். அதோடு குதிரைக்கும் எனக்கும் உறவு முறிந்தது. இது அங்கிளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு நாள் அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறிவிட, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள் தெருவில் நான் ஒருத்திதான் என்று என்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். லாடம் அடிக்க ஆள் வருகிறார், கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றார்.

அந்தக் கயிற்றின் மறுமுனையில் மிளகு இருந்தது. பக்கத்தில் பார்த்தால் ஒரு குதிரை எவ்வளவு பெரிசு என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. லாடம் அடிக்க வந்தவர் கதவு உயரத்துக்கு ஒரு டெக்சாஸ்காரர். ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருகிறவர், அதனால் அங்கிளை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். வந்ததும் அங்கிளின் கோனிலேயே ஒன்றை எடுத்துப் பத்தடி தள்ளி வைத்து, அதைத் தாண்டி வரக் கூடாது என்று அவரிடம் கையைக் காட்டினார். அங்கிள் போய்க் கோனுக்குப் பின்னால் நின்றார்.

டெக்சாஸ்காரர் மிளகின் முன்னங்காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். வளர்ந்திருந்த குளம்பை இடுக்கியால் வெட்டி, ராவி, பழுக்கக் காய்ச்சிய லாடத்தை அதன் மேல் வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று புகை. முடி கருகுகிற நாற்றம். வலிக்காதும்மா, நம்ம நகம் மாதிரிதான் என்று கோனுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, அந்தக் குரலே நடுங்கியது. ஆணி ஓரத்தில் போனால் ஒன்றும் இல்லை, அரிசி அளவு உள்ளே தள்ளிப் போனால் உயிர்ச்சதை. ஒவ்வொரு ஆணிக்கும் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அங்கே கண்ணைத் திறந்து வைத்திருந்தது குதிரையும் டெக்சாஸ்காரரும் மட்டும்தான்.

எல்லாம் முடிந்ததும் அங்கிள் விடவில்லை. குதிரைக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொள் என்று என் கையைப் பிடித்துக் குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்கம் வைத்தார். நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

"கிடைக்கல அங்கிள், சாரி."

"கிடைக்கக் கூடாதும்மா. நல்ல குதிரைக்கு அது தேடினாலும் சரியா கிடைக்காது. டம் டம்னு கைக்கு வந்துச்சுன்னா, அன்னைக்கு எனக்கு போன் பண்ணு."

அன்றைக்கு எதற்காக அவருக்கு போன் பண்ணப் போகிறேன், நான்தான் இந்தப் பக்கமே வரப் போவதில்லையே என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து தலைக்குக் குளித்தேன்.

அடுத்த ஜனவரியில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு வருஷா வருஷம் ஒரு பண்ணையிலிருந்து மாடு வரும். அந்தத் தடவை பண்ணைக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். பொங்கல் வைக்கிற மைதானம் பேசியாகிவிட்டது, சாப்பாடு சொல்லியாகிவிட்டது, மாடு இல்லை. கமிட்டியில் யாரோ, நாலு கால் இருந்தால் போதாதா என்று ஆரம்பிக்க, தலைவரே லாடம் அங்கிள் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டார். அதுவரை அந்த மனிதரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, கோனை எடுங்கள் என்பதைத் தவிர. அவருக்கு மறுக்க மனசு வரவில்லை. முந்தின நாளே மிளகைக் குளிப்பாட்டி, குளம்புக்கெல்லாம் எண்ணெய் தடவி, ஒரு தகப்பனுக்கு உண்டான பெருமையோடு டிரெய்லரில் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாலை, மஞ்சள், குங்குமம் எல்லாம் பூசிக்கொண்டு மிளகு நின்ற அழகை இன்றைக்கும் சொல்லலாம். அங்கிள் ஆரஞ்சு வெஸ்ட் போட்டு, கழுத்தில் விசில் மாட்டி, குதிரையின் பின்னால் கோன்களை அரை வட்டமாக அடுக்கி, அந்த வட்டத்தின் நடுவில் காவல் நின்றார். ஏனென்றால் குதிரை பின்னங்காலால்தான் உதைக்கும். அந்தப் பக்கம் ஒரு குழந்தை எட்டிப் பார்த்தால் விசில். மொத்த விழாவும் அவர் அந்தப் பின்னங்காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முன்னால் ஊரே வரிசையில் நின்று மிளகுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தது.

மாட்டுக்கு ஊட்டுவதுபோலத்தான் ஊட்டினார்கள். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கும்பிட்டு, நெற்றியைத் தொட்டு, ஒரு உருண்டை. குழந்தை கையால் ஒரு உருண்டை. வாழைப்பழம். வெல்லக்கட்டி. என் கணவர் தன் பங்குக்குக் கரும்பு. மிளகும் வந்தவர் மனசு கோணாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. விழா முடிந்து அங்கிள் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாமி சிரித்த முகமாக வந்து, "உங்க குதிரை என்ன சமத்து, நான் கொண்டுவந்த ட்ரே அப்படியே காலி" என்றார்.

அங்கிள் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த கோன்கள் சரிந்து உருண்டன, அவர் எடுக்கவில்லை.

மிளகை லாயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் குதிரை டாக்டரம்மா அங்கே வந்து, எவ்வளவு சாப்பிட்டது என்று கேட்டார். கூட வந்திருந்த எல்லோரும் ஒரே குரலில், கொஞ்சம்தான், ரெண்டே ஸ்பூன்தான் என்றோம். நம் ஆட்களிடம் சாப்பாட்டு அளவு கேட்டால் வேறு என்ன வரும்? டாக்டரம்மா எங்கள் கையிலிருந்த காலி ட்ரேக்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு எங்களிடம் எதையும் கேட்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு மிளகின் வயிற்றுக்குள் எண்ணெய் இறக்கினார். முன்னங்கால் இரண்டையும் முட்டி வரைக்கும் ஐஸில் வைக்க வேண்டும், ரெண்டு மூணு நாளைக்கு ஐஸ் தீரவே கூடாது என்றார். அதற்கான பூட்ஸ் லாயத்தில் ஒரு ஜோடிதான் இருந்தது, அதுவும் கிழிந்தது. முட்டி வரை வருகிற எந்தப் பையும் போதும் என்றார் டாக்டரம்மா.

பை என்றதும் எனக்கு மூளை வேலை செய்தது. அமெரிக்காவில் எந்தத் தமிழ் வீட்டில் காலி அரிசிப் பை இல்லை? ஜிப் வைத்த, கைப்பிடி வைத்த, தூக்கிப் போட மனசு வராத பை. என் கார் டிக்கியிலேயே கோயில் செருப்பு போட ரெண்டு வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போனது. பொங்கலில் ஊட்டிய அத்தனை குடும்பமும் கார் நிறையப் பைகளோடும் ஐஸ் மூட்டைகளோடும் லாயத்துக்கு வந்து சேர்ந்தது. மிளகின் வலது கால் பொன்னி புழுங்கலுக்குள் போனது, இடது கால் இட்லி அரிசிக்குள். மேலே ஐஸைக் கொட்டி, தலைவருடைய பட்டு வேட்டியைக் கிழித்துக் கட்டினோம். அடியில் லாடம் பட்டுப் பை கிழியக் கிழிய அடுத்த பை. ராத்திரி முழுக்க அங்கிளே பார்த்துக்கொண்டார், யார் சொல்லியும் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் ஐஸ் கொண்டுபோனபோது, மிளகு முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் தள்ளி, நிற்கப் பிடிக்காமல் நின்றது. கோளாறு காலில் வந்து இறங்கிவிட்டது என்று எனக்குக்கூடத் தெரிந்தது. டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்து, நாடி பலமாக அடிக்கிறது என்றார். ஊசி போட்டார். ஐஸை விடாதீர்கள், நாடி அடங்கினால் பிழைக்கும், நாளைக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்பு சாய்ந்திருந்தால் பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாடம் அங்கிள் பயந்தால் பேசுவார். மழைக்குப் பேசுவார், மின்னலுக்குப் பேசுவார். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து உருகின தண்ணீரை வடிப்பதும் ஐஸைக் கொட்டுவதுமாக இருந்தார். தாராவிடம் சொல்லியாச்சா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்று.

"என்னன்னு சொல்லுவேன்? வாழ்க்கை பூரா இந்தக் காலுக்குத்தான் பயந்தேன். கடைசியில தப்பான பக்கம் நின்னுட்டேன்."

அப்புறம் மிளகின் கழுத்தைத் தடவிக்கொண்டே, காலையில் எழுந்தால் போவதற்கு எனக்கு ஒரு இடம் வேண்டாமா என்றார். என்னிடம் கேட்டாரா, குதிரையிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த மனிதரைப் பார்த்தா எல்லோரும் சிரித்தோம் என்று இருந்தது.

எக்ஸ்ரே எடுக்கிற நாள் காலையில் நானும் என் கணவரும் போனோம். டாக்டரம்மா இன்னும் வரவில்லை. அங்கிள் மிளகின் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார், அரிசிப் பை அவிழ்த்துக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் கையை நீட்டிக் காட்டினார். ஐஸில் கிடந்து விரலெல்லாம் வெளுத்து, கிடுகிடுவென்று ஆடியது.

"என் விரல் துடிக்குதா, அதோட கால் துடிக்குதா, எனக்குத் தெரியலம்மா. நீ பாரு."

என் கணவர் இரண்டடி பின்னால் போனார். நான் போய்க் குனிந்தேன். என் தலைக்கு மேலே மிளகின் வயிறு, முகத்துக்கு நேரே அதன் முட்டி. மிதித்தால் என் கை எனக்கில்லை என்று நன்றாகத் தெரிந்தது. கணுவின் பின்பக்கம் ஈரமான ரோமத்துக்குள் விரலை வைத்தேன். உள்பக்கம் தேடினேன், வெளிப்பக்கம் தேடினேன். இன்னொரு காலிலும் தேடினேன்.

"கிடைக்கல அங்கிள்."

"சரியாப் பாரும்மா."

"பார்த்துட்டேன். ரெண்டு கால்லயும் கிடைக்கல."

அவர் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து, அரிசிப் பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். மிளகு குனிந்து அவர் மண்டையை மோந்து பார்த்தது. எக்ஸ்ரேயில் எலும்பு இம்மியும் அசையவில்லை. குளம்பில் சின்னதாக ஒரு வளையம் விழுந்தது, அது வளர்ந்து கீழே வர வர டெக்சாஸ்காரர் வெட்டி எடுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் பண்ணைக்காரர் மாடு தருகிறேன் என்றார். சங்கம் வேண்டாம் என்றுவிட்டது. மிளகு மாலையோடும் வாயில் வாய்க்கூடையோடும் வந்தது. அங்கிள் இந்தத் தடவை முன்னால் நின்றார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வெல்லம் வைத்திருக்கிறவர்களைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்து விசில் அடித்துக்கொண்டு. ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பின்னங்காலைப் பார்த்தார். அவரால் இரண்டு பக்கமும் பயப்பட முடியவில்லை. நான் போய்ப் பின்னால் கோன்களுக்கு நடுவில் நின்றுகொண்டேன். சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரை நின்றேன்.

அப்புறம் என் கணவருக்கு வேலை மாறி ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்துவிட்டோம். இந்தப் பொங்கலுக்கு அங்கிள் போன் பண்ணினார். நியூஜெர்சி பனியில் வழுக்கி விழாமல் நடப்பது எப்படி என்று வெகு நேரம் சொன்னார். தாரா வந்திருக்கிறாளாம், மிளகின் கழுத்தில் அவளே மாலை போட்டாளாம். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரையும் விடலம்மா. அங்க ஒரு கோன் வெச்சு, அதுல உன் பேரை எழுதி வெச்சிருக்கேன்."

டெக்சாஸில் இன்றைக்கு எனக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான்.